தொற்றுநோய்க் கணக்குகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொற்றுநோய் மக்களிடையே பரவும் விதத்தைக் கணிதத்தாலும் புள்ளியியலாலும் விவரிக்கும் முறைக்குப் பரவல் மாதிரி என்று பெயர். அதன் மிக எளிய வடிவம் மக்களை மூன்று பிரிவாக்குகிறது: இனித் தொற்றக்கூடியவர்கள், இப்போது தொற்றுள்ளவர்கள், குணமாகியோ இறந்தோ பரவல் சங்கிலியிலிருந்து விலகியவர்கள். ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு நாள்தோறும் எத்தனை பேர் போகிறார்கள் என்பதே கணக்கு. தடுப்பூசித் திட்டம் முதல் மருத்துவமனைப் படுக்கைகள் வரை பல முடிவுகள் இதை நம்பி எடுக்கப்படுவதால், இதைப் பற்றிய தவறான எண்ணங்கள் உயிர்களைப் பாதிக்கின்றன.

நம்பிக்கை 1: நோயைப் பரப்பும் உயிரை ஒன்று விடாமல் அழித்தால்தான் நோய் ஒழியும்.

உண்மை: மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் வளர்வதை 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்தவர் ரொனால்ட் ராஸ். எல்லாக் கொசுக்களையும் கொல்ல முடியாது, ஆகவே கொசு ஒழிப்பே வீண் என்ற வாதத்துக்கு அவர் கணக்கால் பதில் சொன்னார். மலேரியா பரவ, ஒரு கொசு நோயாளியைக் கடிக்க வேண்டும். ஒட்டுண்ணி முதிரும்வரை உயிரோடிருக்க வேண்டும். பிறகு இன்னொருவரைக் கடிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு சுருங்குகிறது. கொசுக்கள் ஒரு வரம்புக்குக் கீழே குறைந்துவிட்டால், புதிதாகத் தொற்றுவோரைவிடக் குணமாவோர் அதிகமாகி, மலேரியா தானே தேய்ந்துபோகும்.

நம்பிக்கை 2: தொற்றாதவர் எவரும் மிஞ்சாதபோதுதான் கொள்ளைநோய் ஓயும்.

உண்மை: இதை மறுத்தவர்கள் எடின்பரோவில் பணியாற்றிய கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும். மெக்கென்ட்ரிக் அதற்குமுன் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1927-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, 1905–06-இல் பம்பாயில் வாரந்தோறும் பதிவான பிளேக் மரணங்களோடு தம் கணக்கை ஒப்பிட்டது. தொற்றக்கூடியவர்கள் குறையக் குறைய, ஒவ்வொரு நோயாளியும் புதியவரைச் சந்திக்கும் வாய்ப்பு குறைகிறது. அவர்களின் தொகை வரம்பைத் தாண்டி இறங்கியதும் பரவல் தணியத் தொடங்குகிறது. எல்லாரையும் தொடாமலே கொள்ளைநோய் முடிந்துவிடுகிறது.

ஆனால் வரம்பை எட்டிய நாளிலேயே தொற்று நின்றுவிடாது. ஒரு நோயாளி சராசரியாக 2 பேருக்குப் பரப்பும் நோயில், தொற்றக்கூடியவர்கள் பாதியாகக் குறைந்ததும் உச்சம் வருகிறது. அப்போது தொற்றுள்ளவர்கள் ஏராளம் என்பதால், எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் எளிய மாதிரிக் கணக்கின்படி சுமார் 80 சதவீதத்தினரைத் தொட்ட பிறகே நோய் அடங்குகிறது. தம் கணக்கின் எல்லையையும் அவ்விருவர் மறைக்கவில்லை. எலிகளிடையே பிளேக் பரவும் வேகம் மாறாதது என்று கொண்டதும் வேறு சில அனுமானங்களும் முழுமையாகப் பொருந்தாதவை. ஆகவே முடிவு தோராயமானதே என்று அவர்களே எழுதினார்கள்.

நம்பிக்கை 3: ஒவ்வொரு கிருமிக்கும் பரவும் எண் ஒன்று உண்டு, அது எங்கும் மாறாது.

உண்மை: எதிர்ப்பாற்றலே இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைத் தருவார் என்பதைக் குறிக்கும் எண் கிருமியை மட்டும் பொறுத்ததன்று. வீட்டு நெருக்கம், மக்கள் கூடும் வழக்கம் ஆகியவையும் அதற்குள் அடங்கும். தட்டம்மைக்கு 12 முதல் 18 வரை என்று வீச்சாகச் சொல்வது இதனால்தான். மேலும், சராசரி பெரிய வேறுபாடுகளை மறைத்துவிடும். 2003-இல் ஹாங்காங் விடுதியொன்றில் தங்கிய சார்ஸ் நோயாளி ஒருவரிடமிருந்து கிளம்பிய தொற்று வியட்நாம், சிங்கப்பூர், கனடா வரை சென்றது. அதே காலத்தில் சிங்கப்பூர் நோயாளிகளில் பெரும்பாலோர் ஒருவருக்கும் பரப்பவில்லை. இத்தகைய நோயில் பெரும் பரவல் நிகழக்கூடிய இடங்களைக் காப்பது எல்லா இடத்திலும் ஒரே அளவு கட்டுப்பாடு விதிப்பதைவிடப் பலன் தரும்.

நம்பிக்கை 4: நாட்டில் 95 சதவீதம் பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும், எங்கும் பயமில்லை.

உண்மை: தட்டம்மையின் பரவும் எண்ணை 15 என்று கொண்டால், சுமார் 93 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். ஆனால் எல்லாரும் எல்லாரோடும் ஒரே சீராகக் கலந்து பழகுகிறார்கள் என்ற அனுமானத்தின்மேல் நிற்கும் கணக்கு அது. நெதர்லாந்தில் நாடளாவிய தடுப்பூசி அளவு 95 சதவீதத்தைத் தாண்டியிருந்தும், 2013-இல் தடுப்பூசியை ஏற்காத புராட்டஸ்டன்ட் சமூகத்தினர் நெருங்கி வாழும் பகுதிகளில் தட்டம்மை வெடித்தது. 2,600-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. வட்டாரவாரியாகப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும்.

நம்பிக்கை 5: பரிசோதனையில் உறுதியானவர்களே மொத்த நோயாளிகள்.

உண்மை: 2021 ஜூலையில் இந்தியாவில் உறுதியான கோவிட் தொற்றுகள் சுமார் 3.1 கோடி; மக்கள்தொகையில் 2.5 சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ரத்த ஆய்வில், 6 வயதுக்கு மேற்பட்டோரில் 67.6 சதவீதத்தினரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது. இதில் தடுப்பூசியின் பங்கும் உண்டு. ஆனால் தடுப்பூசியே போடப்படாத சிறாரிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டது. எத்தனை தொற்றுகள் பதிவேட்டுக்கு வராமல் போயின என்பதை மதிப்பிடாத மாதிரி, நோயின் பரவலைக் குறைத்தும் மரண விகிதத்தை மிகைப்படுத்தியும் காட்டும்.

நம்பிக்கை 6: மாதிரி ஆரூடம் சொல்கிறது, பலிக்காவிட்டால் அது பொய்.

உண்மை: மாதிரி தருவது நிபந்தனையோடு கூடிய முடிவு: இன்ன நிலை தொடர்ந்தால் இன்னது நேரும். 2014 செப்டம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எபோலா குறித்து ஒரு கணக்கை வெளியிட்டது. கூடுதல் நடவடிக்கையோ மக்கள் நடத்தையில் மாற்றமோ இல்லாவிட்டால், பதிவாகாதவர்களையும் சேர்த்து, லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 2015 ஜனவரிக்குள் நோயாளிகள் 14 லட்சத்தை எட்டக்கூடும் என்றது. நோயாளிகளில் சுமார் 70 சதவீதத்தினரைப் பாதுகாப்பாகத் தனிமைப்படுத்திச் சிகிச்சை அளித்தால் நோய் தணியும் என்பதையும் அதே அறிக்கை காட்டியது. சிகிச்சை மையங்கள் பெருகின; இறந்தோரை அடக்கம் செய்யும் முறைகள் மாறின; மக்களும் நெருக்கத்தைக் குறைத்தார்கள். கினியாவையும் சேர்த்து இறுதிவரை பதிவானவர்கள் சுமார் 28,600 பேர். மாண்டவர்கள் 11,300-க்கும் மேல்.

இந்த இடைவெளியைக் காட்டி மாதிரி பொய்த்தது என்பதும், முழுக்க அதுவே காத்தது என்பதும் ஒருசேரத் தவறு. நிபந்தனை மாறியது ஒரு காரணம். பதிவாகாத நோயாளிகளைக் கணக்கிட எண்ணிக்கையை 2.5 மடங்காக்கியது தொகையை மேலும் பெருக்கியது. ஆகவே எந்த மாதிரியையும் மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும்: எந்த அனுமானங்களின்மேல் நிற்கிறது, ஒற்றை எண்ணைத் தருகிறதா வீச்சைத் தருகிறதா, புதிய தரவு வரும்போது திருத்தப்படுகிறதா. மூன்றுக்கும் வெளிப்படையான விடை தரும் மாதிரியையே முடிவெடுப்பதற்கு நம்பலாம்.