விரைவு மின்னேற்றம்: பலகையில் எழுதிய திறனும் வண்டி பெறும் திறனும்

மின்சாரத்தால் இயங்கும் கார்கள் நம் நாட்டுச் சாலைகளில் இப்போது புதுமையல்ல. அவற்றுக்கான பொது மின்னேற்ற நிலையங்களை அமைக்க அரசு பெருந்தொகை செலவிட்டு வருகிறது. 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடைமுறையில் இருந்த ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத் திட்டத்தின் கீழ், 7,432 விரைவு மின்னேற்ற நிலையங்களுக்காகப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுக்கு 800 கோடி ரூபாய் 2023 மார்ச்சில் ஒப்பளிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் இப்பணிக்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இத்தகைய நிலையமொன்றில், ‘60 கிலோவாட்’ என்று எழுதப்பட்ட கருவியில் வண்டியை இணைத்த உரிமையாளர், 25 கிலோவாட்கூட ஏறவில்லையே என்று வியப்பதுண்டு. கருவி பழுது என்று புகாரும் எழுதப்படுகிறது. பல சமயங்களில் கருவியில் பழுது ஏதும் இருப்பதில்லை.

கிலோவாட் என்பது மின்சாரம் பாயும் வேகத்தின் அளவு. கிலோவாட் மணி, அதாவது நாம் வழக்கில் கூறும் யூனிட், பாய்ந்து சேர்ந்த மின்சாரத்தின் அளவு. குழாயிலிருந்து நீர் விழும் வேகத்துக்கும் குடத்தில் நிரம்பிய நீருக்கும் உள்ள வேறுபாடே இது. கருவியின் மேல் எழுதப்பட்ட எண் குழாயின் உச்ச வேகத்தை மட்டுமே கூறுகிறது. குடத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதை அது கூறுவதில்லை.

உற்பத்தியாளர்கள் வெளியிட்ட விவரங்களிலிருந்தே இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்சான் மின் காரின் மின்கல அடுக்கு 30.2 யூனிட் கொள்ளளவு உடையது. விரைவு மின்னேற்றத்தில் 80 விழுக்காடு நிரம்ப 60 நிமிடம் ஆகும் என நிறுவனம் அறிவித்தது. 30.2 யூனிட்டில் 80 விழுக்காடு ஏறத்தாழ 24 யூனிட். ஆகவே சராசரி வேகம் 24 கிலோவாட். இவ்வண்டியை 120 கிலோவாட் கருவியில் இணைத்தாலும் அந்த ஒரு மணி நேரம் பெரிதாகக் குறைந்துவிடாது. 2019இல் வந்த ஹூண்டாய் கோனாவின் கொள்ளளவு 39.2 யூனிட், 50 கிலோவாட் கருவியில் 57 நிமிடத்தில் 80 விழுக்காடு. கணக்கிட்டால் சராசரி 33 கிலோவாட். விலை உயர்ந்த வண்டிகளிலும் நிலைமை இதுவே. 800 வோல்ட் அமைப்பு கொண்ட ஐயோனிக் 5, உலகில் வேகமாக மின்னேற்றம் பெறும் கார்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. 350 கிலோவாட் கருவியில் 10 முதல் 80 விழுக்காடு வரை 18 நிமிடத்தில் ஏறும் என அறிவிக்கப்பட்டது. 72.6 யூனிட் அடுக்குக்கு இது சராசரியாக 170 கிலோவாட் ஆகிறது. கருவியின் உச்சத்தில் பாதிக்கும் குறைவு.

கலத்தின் உள்ளே நிகழ்வது

லித்தியம் அயனி மின்கலத்தில் மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, மறுமுனையிலுள்ள கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே சென்று அமர்கின்றன. கலம் வெறுமையாக இருக்கும்போது இருக்கைகள் ஏராளம். அயனிகள் விரைந்து அமர்கின்றன. நிரம்ப நிரம்ப, காலி இருக்கையைத் தேடி உட்புறம் நகர வேண்டியுள்ளது. அந்நிலையில் மின்னோட்டத்தைக் குறைக்காவிடில் அயனிகள் உள்ளே புக வழியின்றிக் கிராபைட்டின் மேற்பரப்பில் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். அவ்வாறு படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் பயன்படுவதில்லை. கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. படிவு ஊசி போல் வளர்ந்து கலத்தினுள் குறுக்குச் சுற்று ஏற்படும் அபாயமும் உண்டு.

இக்காரணத்தால் முதலில் மிகுந்த மின்னோட்டமும், கலத்தின் மின்னழுத்தம் வரம்பை நெருங்கியபின் படிப்படியாகக் குறையும் மின்னோட்டமும் தரப்படுகின்றன. நிக்கல் கலந்த கலங்களில் இவ்வரம்பு சுமார் 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் கலங்களில் சுமார் 3.65 வோல்ட். எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கேட்பது வண்டியிலுள்ள மின்கல மேலாண்மை அமைப்பு. கேட்டதற்கு மேல் தர நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. நூற்றுக்கணக்கான கலங்களுள் ஒன்று மட்டும் முன்னதாக வரம்பைத் தொட்டாலும், அந்த ஒன்றுக்காக அடுக்கு முழுவதற்குமான ஓட்டம் குறைக்கப்படும்.

வெப்பநிலை மற்றொரு கட்டுப்பாடு. குளிர் நாடுகளில் அயனிகளின் நகர்வு மந்தமாவதால் வேகம் குறைகிறது. அங்கே நிலையத்தை அடையுமுன்பே அடுக்கைச் சூடேற்றிக்கொள்ளும் வசதி சில கார்களில் உண்டு. நமது இடர்ப்பாடு இதற்கு நேர்மாறானது. மின்னோட்டம் இருமடங்கானால் கலத்தின் உள்தடையில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். தெலங்கானாவில் மே மாதம் 40 பாகையைத் தாண்டும் வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடிவந்த வண்டி, ஏற்கெனவே சூடேறிய அடுக்குடன் நிலையத்தை அடைகிறது. திரவக் குளிர்விப்பு உள்ள வண்டி ஓரளவு சமாளிக்கும். இல்லாத வண்டி தன் தேவையைத் தானே குறைத்துக் கேட்கும். பயணிகள் உள்ளே அமர்ந்து குளிர்சாதனத்தை இயக்கினால் வந்துகொண்டிருக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும்.

நிலையத்தின் பங்கு

எல்லாப் பழியையும் வண்டியின் மீது சுமத்துவதும் நியாயமன்று. மின்திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருகிய தொகை. அதிகபட்சம் 150 ஆம்பியர் தரும் கருவி 400 வோல்ட் அடுக்குக்கு 60 கிலோவாட் தரும். 320 வோல்ட் அடுக்குக்கு 48 கிலோவாட்டுக்கு மேல் தர இயலாது. பலகையிலோ 60 என்றே எழுதியிருக்கும். இரண்டு குழல்கள் உள்ள கருவியில் இரண்டாவது வண்டி வந்து இணைந்ததும் திறன் பங்கிடப்படலாம். பெரிய கருவிகள் பெரும்பாலும் சிறு மின்மாற்றத் தொகுதிகளின் கூட்டே ஆகும். தொகுதி ஒன்று செயலிழந்தால் கருவி நின்றுவிடாமல் குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருக்கும், பலகை மாறாது. கோடை வெப்பமும், தூசி அடைத்த காற்று வடிகட்டியும் கருவி தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளக் காரணமாகின்றன. வடிகட்டியைத் துடைக்க ஆள் நியமிப்பது திட்ட அறிக்கைகளில் இடம்பெறத்தக்க சிறப்பான செய்தியன்று. ஆயினும் கிடைக்கும் திறன் அதைச் சார்ந்திருக்கிறது.

நம் நாட்டின் தொடக்க அனுபவமும் நினைவுகூரத்தக்கது. மின்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2017இல் அரசு அலுவலகங்களுக்கென 10,000 மின் கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. அப்போது வந்த கார்களின் அடுக்கு 72 வோல்ட். அவற்றுக்கேற்ற ‘பாரத் டி.சி. 001’ கருவியின் உச்ச மின்னோட்டம் 200 ஆம்பியர், திறன் 15 கிலோவாட். 72 வோல்ட்டை 200 ஆம்பியரால் பெருக்கினால் 14.4 கிலோவாட், வண்டியும் கருவியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. பின்னர் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட கார்கள் சந்தைக்கு வந்ததும் அக்கருவிகள் அவற்றுக்குப் பயன்படவில்லை. 2018 டிசம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் ஒவ்வொரு பொது நிலையத்திலும் பல வகைக் கருவிகளைக் கட்டாயமாக்கின. 2019 அக்டோபர் திருத்தம் அத்தேர்வை நிலையத்தாரிடமே விட்டது. இத்திருத்தம் விவேகமானது என்பதே என் கருத்து.

காலத்தின் விலை

பொருளாதார மாணவர் இதில் கவனிக்க வேண்டியது கடைசி 20 விழுக்காடு. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: 30 யூனிட் அடுக்கு கொண்ட கார் 10இலிருந்து 80 விழுக்காடு வரை சராசரி 25 கிலோவாட் வேகத்தில் 21 யூனிட் பெறுகிறது, நேரம் சுமார் 50 நிமிடம். எஞ்சிய 6 யூனிட் சராசரி 8 கிலோவாட்டில் ஏறினால் மேலும் 45 நிமிடம். முதல் 50 நிமிடத்தில் 21 யூனிட் விற்ற நிலையம் அடுத்த 45 நிமிடத்தில் 6 யூனிட்டே விற்கிறது. யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் என்றால், நூறு விழுக்காடு வரை காத்திருப்பவர் கூடுதலாகச் செலுத்துவது 6 யூனிட்டின் விலை. பின்னால் வரிசையில் நிற்கும் வாடகைக் கார் ஓட்டுநர் இழப்பதோ ஒரு சவாரி. அவ்விழப்பு எவர் கணக்கிலும் பதிவாவதில்லை. எனவே 80 விழுக்காட்டுக்குப் பின் நிமிடக் கட்டணம் சேர்ப்பது, வரிசை நிற்கும் நிலையங்களிலேனும் நியாயமானது. அடுத்த ஊர்வரை செல்ல முழு அடுக்கும் தேவைப்படுவோர் அதனைச் செலுத்தத் தயங்கமாட்டார்கள்.

எந்த இடத்தில் எத்தகைய கருவி என்பதும் இதே கணக்கைச் சார்ந்தது. ஐதராபாத்தின் காஞ்சன்பாக் பகுதியை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் உலோகவியல் ஆய்வகம், ஏவுகணை ஆய்வகம், மிதானி உலோக ஆலை, பாரத் டைனமிக்ஸ் தொழிற்கூடம் ஆகியன அடுத்தடுத்து அமைந்த வட்டாரம் அது. (ஏவுகணையில் பயன்படும் வெப்ப மின்கலம் ஒரே ஒருமுறை இயங்கினால் போதும், மறுமுறை ஏற்றும் கவலை அதற்கு இல்லை. காருக்கான கலமோ ஆயிரம் முறைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும்.) இத்தகைய இடத்தில் பணிக்கு வருவோரின் கார் எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கிறது. சாதாரண 3.3 கிலோவாட் இணைப்பே அதற்குள் 26 யூனிட் தந்துவிடும். மாற்ற இழப்பு போக, முன்னர்க் கூறிய நெக்சானின் அடுக்கு ஏறத்தாழ நிரம்பிவிடும். மெதுவான ஏற்றம் கலத்துக்கும் நல்லது, உள்ளூர் மின்மாற்றிக்கும் சுமையன்று. ஒரு 60 கிலோவாட் கருவி பெறும் இணைப்புத் திறனைக் கொண்டு இத்தகைய பதினெட்டு இணைப்புகளை அளிக்கலாம்.

அதே கார் காஞ்சன்பாக்கிலிருந்து விஜயவாடா நெடுஞ்சாலையில் புறப்பட்டுச் சூர்யாப்பேட்டையில் நிற்குமானால் நிலைமை வேறு. அங்கே பயணிக்கு வேண்டியது அரை மணியில் முடியும் ஏற்றம். பெரிய கருவிகள் அங்கேதான் தேவை. இன்று வரும் கார்கள் முந்தைய கார்களைவிட மிகுந்த திறனை ஏற்பதால், நெடுஞ்சாலையில் சற்று முன்னோக்கிய திறனில் முதலீடு செய்வது வீணாகாது.

நிலையங்களை ஆய்வு செய்யும் அலுவலர் நிறுவப்பட்ட கிலோவாட்டைக் கூட்டிக் காட்டுவதுடன் நின்றுவிடலாகாது. கருவியின் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் இணைத்த நேரம், விலக்கிய நேரம், சென்ற யூனிட் ஆகியன கிடைக்கின்றன. யூனிட்டை நேரத்தால் வகுத்து மாதச் சராசரி காண்பது கடினமன்று. எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவில் வேகம் தடைப்பட்டிருந்தால் தொகுதியையும் மின் இணைப்பையும் சோதிக்க வேண்டும். வண்டிக்கு வண்டி வேறுபட்டால் வண்டிகளின் வரம்பே காரணம். பிற்பகலில் மட்டும் குறைந்தால், முதலில் பார்க்க வேண்டியது நிழற்கூரையையும் வடிகட்டியையும்.