சாலையோரத்தில் மந்தை நாயைப் பழக்குதல்

இமாசலப் பிரதேசத்துச் சம்பா, காங்கிரா மாவட்டங்களில், பருவந்தோறும் மலைக்கும் அடிவாரத்திற்கும் இடம் பெயரும் ஆட்டு மந்தைகள் மோட்டார்ச் சாலைகளிலும் நடக்க நேரிடுகிறது. ஓடுவதைத் துரத்துவது மந்தை மடக்கும் நாயின் இயல்பு. லாரியும் அதற்கு ஓர் ஓடும் ஆடே. ஆகவே, "வா" என்பதினும் "நில்" என்பதையே முதலிற் கற்பித்தல் நலம். சாலைக்கு அப்பால் நிற்கும் நாயை "வா" என்றழைத்தால், அது வண்டியின் குறுக்கே பாயும்.

சந்தடியற்ற இடத்தில், சுமார் 10 மீட்டர்க் கயிற்றில் கட்டிப் பழக்குக. கட்டளையை ஒருமுறையே கூறி, நாய் நின்ற கணமே உணவுத்துண்டு அளித்தல் வேண்டும். தாமதித்தால் எதற்குப் பெற்றோமென்பதை அது அறியாது. பின்னர், கயிற்றை அவிழ்க்காமலே சாலையைச் சிறிது சிறிதாக நெருங்கலாம். வண்டியைக் கண்டதும் உணவையும் மறுக்குமாயின், அளவுக்கு மீறி நெருங்கியாயிற்று, பின்வாங்குக. இரைச்சலில் குரல் அமுங்குமாதலின், கட்டளையோடு சீழ்க்கையையும் சேர்த்துப் பழக்குவது இடையர்க்கு உதவும்.