பில்லும் பொறுப்பும்

சரக்கு சேவை வரி 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. தனித்துத் தொழில் புரியும் வரி ஆலோசகருக்கு ஒவ்வொரு மாதமும் இரு கெடுக்கள். மாதந்தோறும் கணக்குத் தருவோரின் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரியோடு தொகுப்புக் கணக்கை 20ஆம் தேதிக்குள்ளும் அவர் சேர்ப்பித்தாக வேண்டும்.

இடைப்பட்ட நாட்களில் அவர் செய்வது யாது? நம் சங்கத்தின் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். நூல் வியாபாரி தம் கணக்கில் ஒரு பில்லை விட்டுவிட்டால், அதில் நாம் செலுத்திய வரியை அம்மாதம் கழித்துக்கொள்ள இயலாது. ஒரு லட்ச ரூபாய்ப் பருத்தி நூலுக்கு 5 சதவீத வரி, 5,000 ரூபாய். அத்தொகை முடங்கினால் நெசவாளிக்குக் கூலி தரும் பணமன்றோ குறையும்? அதனாலேயே அவர் வியாபாரியிடமும் நம்மிடமும் ஓயாது கேட்கிறார். அதனைத் தொல்லையென எண்ணலாகாது.

மற்றொன்றும் நாம் அறிதல் வேண்டும். கணக்கை எழுதுபவர் அவரேயாயினும், அதன் உண்மைக்குச் சட்டப்படி பொறுப்பு நம்முடையதே. ஆதலின், பில்களை மாதத்தின் முதல் வாரத்திலேயே ஒப்படைப்போம். அவர் எழுதிய கணக்கைப் படித்தறிந்த பின்னரே இசைவளிப்போம்.