ஒரு டன்னுக்குப் பத்து மில்லிகிராம்

போடிநாயக்கனூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுவது. இறையாண்மை, சட்டத்தின் ஆட்சி என்று பாடத்தில் வருகிறதே, உலகமயமாக்கல் இவற்றை எப்படித் தொடும் என்று போனில் கேட்டாய். அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. சட்டப் புத்தகத்திலிருந்து சொல்ல உனக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஏலக்காய். அதை வைத்தே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மலைக்கு மேல் கேரளத்துச் சாந்தன்பாறையில் இருக்கும் நம் தோட்டத்துக் காய் இருநூறு கிலோவை ஓர் ஏற்றுமதியாளருக்குக் கொடுத்தேன். ஸ்டோரில் பக்குவமாக உலர்த்திய காய், நல்ல பச்சை, எட்டு எம்எம்முக்குக் குறையாதது. ஆய்வகத்துக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. பூச்சிமருந்து எச்சம் கூடுதலாம். அந்த மருந்தைப் போடியில் ரசீது போட்டுத்தான் விற்றார்கள். நம் நாட்டுச் சட்டம் எதையும் நான் மீறவில்லை. ஆனாலும் நஷ்டம் என்னுடையது.

ஐரோப்பிய ஒன்றியம் தனியாக வரம்பு சொல்லாத மருந்துகளுக்கு வைத்திருக்கும் பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது ஒரு டன் காயில் 10 மில்லிகிராம். நம் ஏலக்காயை நெடுங்காலமாக விரும்பி வாங்கிய சவுதி அரேபியாவும் எச்சத்தைக் காரணம் காட்டிச் சரக்குகளைத் திருப்பியது. அப்போது போடி ஏல மையத்தில் எத்தனை முகம் வாடியது என்று உன் அப்பாவைக் கேள், சொல்வான். வெளிநாட்டுச் சந்தையில் நம் இடத்தைப் பிடிக்கக் குவாத்தமாலாக்காரர் காத்திருக்கிறார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே ஏலச்செடி போய்ச் சேர்ந்தது. இன்று ஏற்றுமதியில் அவர்கள்தான் முதலிடம்.

அந்த ஐரோப்பிய வரம்பை நம் அரசோ நம் சட்டமன்றமோ வகுக்கவில்லை. ஆனால் சாந்தன்பாறையில் எந்த மருந்தை, எந்த மாதத்தில் அடிப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இறையாண்மை என்றால் கொடி, எல்லை, ராணுவம் என்று நினைப்போம். எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது, கயலு. விதி மட்டும் வேறு ஊரில் எழுதப்படுகிறது.

இதற்கும் ஒரு சட்டம் உண்டு. 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக நிறுவனத்தில் உணவுப் பாதுகாப்பு பற்றிய ஒப்பந்தம் ஒன்று நடப்பில் இருக்கிறது. எந்த நாடும் கடுமையான வரம்பு வைக்கலாம், ஆனால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். விதியை ஜெனீவாவில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்து, மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல நேரம் தர வேண்டும். வழக்கமாக அது 60 நாள். காகிதத்தில் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஜெனீவா அறிவிப்பு போடியில் யார் கண்ணில் படுகிறது? அங்கே வழக்குப் போட அரசுக்குத்தான் உரிமை, உன் பெரியப்பாவுக்கு இல்லை. அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பும் 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது.

நம் அரசியலமைப்பையும் இந்த இடத்தில் வைத்துப் படி. ஒப்பந்தம் போடுவது மத்திய அரசின் வேலை. விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 253-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் எந்தப் பொருளிலும் சட்டம் இயற்றலாம் என்கிறது. கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் ஆசியான் நாடுகளோடு தாராள வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது, மலைப்பயிர் விவசாயிகள் நிறைந்த கேரளம் உரக்க எதிர்த்தது. கையெழுத்து நிற்கவில்லை. மாநிலத்தின் குரல் இப்படி எடுபடாமல் போவதை நான் குறையாகவே பார்க்கிறேன்.

இவ்வளவு சொன்னதால், வெளியிலிருந்து வரும் விதியெல்லாம் கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. எண்டோசல்பானை நினைத்துப் பார். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களை ஒட்டி வாழ்ந்தவர்களின் துயரத்துக்குப் பிறகு கேரளம் அந்தப் பூச்சிமருந்தைத் தடை செய்தது. ஆனால் மாநில எல்லையான போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அப்போது தடையில்லை. ஒரே மலை, ஒரே செடி. சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் விஷம், இந்தப் பக்கம் மருந்து. 2011 ஏப்ரல் 29 அன்று ஜெனீவாவில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் எண்டோசல்பானை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தன. முதலில் எதிர்த்த இந்தியா, சில பயிர்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டது. இரண்டே வாரத்தில், மே 13 அன்று, நம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்தியது. வெளியுலகம் கொடுத்த அழுத்தமும் நம் நீதிமன்றமும் சேர்ந்து நம் ஆட்களைக் காப்பாற்றின என்றே நான் நம்புகிறேன்.

திரும்பி வந்த அந்த இருநூறு கிலோ என்ன ஆனது தெரியுமா? உள்ளூர் வியாபாரி ஒருவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். விலை கொஞ்சம்தான் குறைவு. எந்த வீட்டுப் பாயசத்தில் விழுந்ததோ! வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஆகாதது நம் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? இதை நினைத்துப் பல நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் மக்களுக்காக நாமே கறாராக நடத்த வேண்டிய விதியை நடத்தாமல் விட்டதும் இறையாண்மை இழப்புதான். அதை எந்த அந்நியனும் பறிக்கவில்லை.

விதி எழுதுகிற மேசையில் நமக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பில் நறுமணப் பயிர்களுக்கான குழு 2013-இல் அமைந்தது. அதை நடத்துவது இந்தியா, செயலகம் ஸ்பைசஸ் போர்டில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் கொச்சியில் கூடிய அந்தக் குழு நம் சிறு ஏலக்காய்க்கான தரத்தை இறுதி செய்தது. மருந்து எச்ச வரம்பைப் பார்க்கும் குழு வேறு, அதைச் சீனா நடத்துகிறது. அங்கே பேச ஆய்வுத் தரவு வேண்டும். சட்டமும் பயிரும் சேர்ந்து தெரிந்த ஆள் வேண்டும். நீ அப்படி ஒருத்தியாக வந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

திரும்பி வந்த அந்தக் காயின் ஆய்வக அறிக்கை நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் கோடு போட்டிருக்கும் மருந்தை அன்றைக்கு அடித்தவர் இன்றும் நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறார். காயில் எத்தனை மில்லிகிராம் என்று அளந்தார்கள், அவர் உடம்பில் எத்தனை என்று யாரும் அளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன மாதம்தான் அவருக்கு முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். விடுமுறைக்கு வரும்போது காலை ஜீப்பில் அவரோடு மெட்டு ஏறிப் பார். பேசுவதற்கு அவரிடம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா