விரத நாள்களில் உறக்கமும் பசியும்

தைப்பூசத்தை முன்னிட்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் காப்போர், ஐப்பசியில் கந்தர் சஷ்டியின் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் கொள்வோர், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருவேளை உணவோடு நிற்போர் என விரதம் இருப்போரை நம் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் காணலாம். பக்கத்துக் கம்பத்து மலாய் அன்பர்கள் ரமலான் மாதத்தில் நோன்பு நோற்பதையும் நாம் அறிவோம். அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொரு வகையும் சேர்ந்துள்ளது. சமய நோக்கம் ஏதுமின்றி, உடல் எடையைக் குறைக்கும் பொருட்டே நாள்தோறும் பல மணி நேரம் உண்ணாதிருக்கும் பழக்கம் அது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். ஆகவே இந்த அக்கறை எழுந்ததில் வியப்பில்லை.

ஆயினும், “விரதம் இருந்தும் எடை இறங்கவில்லை, இறங்கியதும் திரும்ப ஏறிவிட்டது, உடம்பு தளர்ந்ததுதான் மிச்சம்” என்று குறைபடுவோர் பலர். காரணத்தை அவர்கள் இலையிலும் தட்டிலுமே தேடுகின்றனர். காரணத்தின் ஒரு பகுதி படுக்கும் பாயில் இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காஜாங் வட்டாரம் நம் நாட்டு ரப்பர்த் தொழிலின் தொட்டில்களுள் ஒன்று. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களிலேயே இங்கு இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் பயிரிட்டனர். இவ்வட்டாரத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. 1921இல் தொடங்கப்பெற்ற பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது புத்ராஜெயா நிற்கிறது. எனினும், விடியுமுன் எழும் வழக்கம் பால்வெட்டுக் குடும்பங்களைவிட்டு எளிதில் நீங்குவதில்லை. தோட்டத்தைவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்துக்கு மாறியவர்களும் அதே நேரத்தில்தான் எழுகின்றனர்.

பால்வெட்டுக்கு அதிகாலை ஏன் வேண்டும்? பட்டையிலுள்ள பாற்குழாய்களில் நீரழுத்தம் சூரிய உதயத்திற்கு முன்னர் மிகுந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளியிடும், அழுத்தம் தணியும், மங்கில் வடியும் பாலும் குறையும். ஆகவே மரம் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம்தாம் மரத்தின் நேரத்திற்கு எழ வேண்டியுள்ளது. நான்கு அல்லது நான்கரை மணிக்கு எழும் ஒருவர், தொலைக்காட்சியும் பேச்சுமாகப் பதினொரு மணிவரை விழித்திருந்தால் அவருக்குக் கிடைப்பது ஐந்து மணி நேர உறக்கமே. வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் கருத்து.

இனிப் பசியின் இயல்பைப் பார்ப்போம். வயிறு காலியாவதால் மட்டும் பசி எழுவதில்லை. இரத்தத்தில் ஓடும் சில சுரப்புநீர்கள் மூளைக்குச் செய்தி கொண்டு செல்கின்றன. அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று கிரெலின். 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த இது பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, “உண்” என்று தூண்டுகிறது. மற்றொன்று லெப்டின். 1994இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இது கொழுப்புத் திசுவில் சுரந்து, “இருப்புப் போதும்” என்று தெரிவிக்கிறது.

2004இல் வெளிவந்த ஆய்வொன்றில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமிக்க இளைஞர் பன்னிருவரைச் சோதித்தனர். ஒருமுறை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமும், இன்னொருமுறை இரண்டு இரவுகள் பத்து மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தனர். உறக்கம் குறைந்தபோது லெப்டின் 18 விழுக்காடு தாழ்ந்தது. கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்தது. பசி 24 விழுக்காடு மிகுந்தது. இனிப்பு, மாவுப்பண்டம் ஆகியவற்றின்மீதே ஆசை பெரிதும் கூடியது. கண்விழித்த மறுநாள் காலையில் நாசி லெமாக்கும் இனிப்புத் தேநீரும் நம்மை ஏன் அவ்வளவு வலிமையாக இழுக்கின்றன என்பது இப்போது விளங்கும். அதனை மனவுறுதியின் குறை என்று மட்டும் கருதுவது பொருந்தாது.

விழித்திருந்தால் உடம்பு கூடுதலாக ஆற்றலைச் செலவிடுமே, அதனால் எடை குறையாதா என்று சிலர் கேட்பர். செலவு கூடுவது உண்மைதான். 2013இல் வெளிவந்த கொலராடோ ஆய்வொன்றில் அது ஏறத்தாழ 5 விழுக்காடு கூடியது. ஆனால் அந்த ஆய்வில் பங்குகொண்டோர் அதனினும் மிகுதியாக உண்டனர், அதுவும் பெரும்பாலும் இரவு உணவிற்குப் பின்னர். ஐந்தே நாளில் அவர்களது எடை கூடிவிட்டது.

நம் வாசகர்கள் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டிய ஆய்வு 2010இல் வெளியானது. எடை மிகுந்த பதின்மருக்கு இரண்டு வாரம் அளவான குறைந்த உணவு கொடுக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் எட்டரை மணி நேரமும் மறு கட்டத்தில் ஐந்தரை மணி நேரமும் படுக்கை நேரம். இரண்டு கட்டங்களிலும் இறங்கிய எடை ஏறத்தாழ ஒன்றே, அதாவது மூன்று கிலோ. தராசு மட்டும் இருந்திருந்தால் வேறுபாடே தெரிந்திராது. ஆனால் நன்கு உறங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, உறக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே. மீதி எங்கிருந்து போயிற்று? தசை முதலான கொழுப்பல்லாத பகுதியிலிருந்து. நன்கு உறங்கியபோது அப்பகுதியில் 1.5 கிலோ குறைய, உறக்கம் குறைந்தபோது 2.4 கிலோ குறைந்தது.

பால்வெட்டுத் தொழிலாளர்க்கு இதன் பொருள் என்ன? கைவலிமையும் தோள்வலிமையும் தசையில் உள்ளன. நாள் வருமானமும் அவற்றைச் சார்ந்தே உள்ளது. உறக்கத்தைச் சுருக்கி விரதம் இருப்பவர் கொழுப்பைக் காப்பாற்றி உழைக்கும் தசையை இழக்கிறார் என்றே கூற வேண்டும். அத்துடன் உறக்கக் கலக்கத்தில் கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரத்திற்குக் காயம் ஏற்படும். புதுப்பட்டை முண்டுமுண்டாக வளரும்.

இரவு விழிக்கும் விரதங்கள்

சிவராத்திரியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் உண்ணாமையும் உறங்காமையும் சேர்ந்தே விதிக்கப்பட்டுள்ளன. ஆண்டில் ஓரிரு இரவுகள் இவ்வாறு விழித்திருப்பதால் நலமுள்ளவர்க்குக் கேடு விளையும் என்று நாம் அஞ்சவில்லை. மறுநாளைத்தான் கவனிக்க வேண்டும். அன்று பசி வழக்கத்தினும் மிகுந்திருக்கும் என்பதை முன்னரே அறிந்து, பாரணைக்குச் சோறு, பருப்பு, கீரை என்று வீட்டில் சமைத்து வைத்துக்கொள்வது நன்று. கடைப் பலகாரத்தின் முன் போய் நின்றால் கை அடங்காது. விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் செல்வதைத் தவிர்த்தல் நலம். இயன்றால் அந்நாளை ஓய்வு நாளாக முன்கூட்டியே கேட்டுப் பெறலாம்.

நாற்பத்தெட்டு நாள் விரதத்தின் நிலை வேறு. இங்கு ஓரிரவு இழப்பன்று, நாள்தோறும் சேரும் இழப்பு. பசி மணிக்கு மணி ஏறிக்கொண்டே போவதன்று. வழக்கமாக உண்ணும் வேளையில் கிரெலின் எழுந்து, உண்ணாவிடினும் சிறிது நேரத்தில் தானே தணிவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. அன்றியும் உடலின் உள்ளோட்டத்தில் பசியுணர்வு காலையில் தாழ்ந்தும், இரவு எட்டு மணி அளவில் உச்சத்திலும் இருப்பதை 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே இரவு ஒன்பது மணிக்குப் படுப்பவர் பசியின் உச்சத்தை உறக்கத்தில் கடந்துவிடுகிறார். நள்ளிரவுவரை தொடர்நாடகம் பார்ப்பவரோ அந்த உச்சத்திலேயே அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் முறுக்கும் இருக்கிறது.

ஒன்பது மணிக்குப் படுக்க இயலாத வீடுகளும் உண்டு. சுவருக்கு அப்பால் ஒலிபெருக்கி, இப்பால் குழந்தையின் அழுகை! அத்தகையோர்க்குப் பால்வெட்டு வேலையில் ஒரு வசதி இருக்கிறது. பாலை நிறுத்துக் கொடுத்துக் குளித்தபின், மதிய வேளையில் அரைமணி நேரம் கண்ணயரலாம். நோன்பு மாதத்தில் மலாய் அன்பர்கள் பலரும் இவ்வாறு செய்கின்றனர். மாலைவரை நீட்டி உறங்கினால் இரவு உறக்கம் கெடும். மாலை நான்கு மணிக்குப் பின்னர் தேநீர், காப்பி வேண்டா. அவற்றின் கிளர்ச்சி பல மணி நேரம் உடலில் நிற்கும். விரத நாள் முழுவதும் உறங்கிக் கழித்தால் எடை விரைவில் இறங்கும் என்று எண்ணுவதும் தவறு. வழக்கமான நடையும் வேலையும் இருந்தால்தான் தசை நிற்கும்.

கூடுதலாக உறங்குவது எவ்வளவு பயன் தரும்? சிகாகோவில், ஆறரை மணி நேரத்திற்கும் குறைவாக உறங்கி வந்த எடை மிகுந்த எண்பது பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. உறக்கத்தை நீட்டியவர்கள் இரவில் ஏறத்தாழ ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக உறங்கினர். உணவைப் பற்றி அவர்களிடம் எதுவும் கூறப்படவில்லை. இருந்தும், உறக்கத்தை மாற்றாதவர்களோடு ஒப்பிட, நாளொன்றுக்கு 270 கலோரி அளவு அவர்கள் உட்கொண்டது குறைந்தது. ஒரு ரொட்டி சானாய்க்கு நெருங்கிய அளவு இது.

இருவகையினர் மட்டும் தாமாக எதையும் தொடங்கலாகாது. உறக்கத்தில் உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறி எழுவோர் முதல் வகையினர். இவர்கள் எட்டு மணி நேரம் படுத்தாலும் உறங்கியவர் ஆகார். மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ கொள்வோர் இரண்டாம் வகையினர். உண்ணாமல் மருந்து மட்டும் கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். உறக்கத்தில் தாழ்ந்தால் அருகிலிருப்போர்க்கும் தெரியாது. விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று, எத்தனை நாள் விரதம், எந்த வேளை உணவு, எத்தனை மணிக்கு வேலை என்பவற்றை விளக்கி, மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டறிதல் வேண்டும். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருளுதல் இவற்றுள் எது தோன்றினாலும் உடனே சர்க்கரை கலந்த நீரைப் பருக வேண்டும். அன்றைய விரதம் அத்துடன் நிற்கட்டும்.