வன்கூட்டுத் தொகுதியும் தொடுப்பிழையங்களும்



மனிதனின் உடலில் எத்தனை என்புகள் உள்ளன என்று கேட்டால் நீங்கள் அனைவரும் 206 என்று உடனே விடை எழுதுவீர்கள். ஆனால் "முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால் தொடையென்பு முறிகின்றது, சிறுவன் விழுந்தால் பெரும்பாலும் முறிவதில்லை. காரணம் தருக" என்று கேட்டால் பலர் தடுமாறுவர். பரீட்சையில் புள்ளிகள் இழக்கப்படுவது பெயர்களில் அல்ல, காரணங்களிலேயே ஆகும். என்பு என்பது உயிருள்ள ஒரு தொடுப்பிழையம் என்பதை விளங்கிக்கொண்டால் இக்காரணங்களை நீங்களே எழுதலாம்.

1. தொடுப்பிழையம்

உடலின் பகுதிகளை ஒன்றோடொன்று தொடுத்தும் தாங்கியும் வைத்திருக்கும் இழையம் தொடுப்பிழையம் எனப்படும். இதில் குழியங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. குழியங்களுக்கிடையே அவை சுரந்த பதார்த்தம் அதிகமாகக் காணப்படும். இது தாயம் எனப்படும். தாயத்தின் தன்மையே இழையத்தின் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

* தாயம் வன்மையானது – என்பு
* தாயம் உறுதியானது, ஆனால் வளையக்கூடியது – கசியிழையம்
* நெருக்கமான நார்களைக் கொண்டது – இணையம், சிரை
* தாயம் திரவமானது – குருதி

குருதியும் ஒரு தொடுப்பிழையமே என்பதை மறக்க வேண்டாம்.

2. என்பின் வன்மையும் உறுதியும்

என்பின் உலர் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனியுப்புக்களாகும். இவற்றுள் பிரதானமானது கல்சியம் பொசுபேற்று வகை உப்பாகும். எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் புரத நார்களாகும்.

கொங்கிறீற்றுத் தூணொன்றை நினைத்துப் பாருங்கள். சீமெந்துக் கலவை மட்டும் இருந்தால் தூண் வெடித்து உடையும். கம்பி மட்டும் இருந்தால் வளையும். இரண்டும் சேர்ந்தபோதே தூண் நிலைக்கும். என்பில் கனியுப்பு சீமெந்தாகவும் கொலாஜன் கம்பியாகவும் தொழிற்படுகின்றன.

செயற்பாடு:
(அ) கோழிக்கால் என்பொன்றை எடுத்துச் சதையை நீக்கிக் கழுவுக. அதை ஒரு போத்தலில் இட்டு மூடுமளவுக்கு வினாகிரி ஊற்றுக. ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை வினாகிரியை மாற்றி ஒரு வாரமளவில் வெளியே எடுத்து வளைத்துப் பார்க்க.
அவதானம்: என்பு இறப்பர் போல வளையும்.
முடிவு: அமிலத்தில் கனியுப்புக்கள் கரைந்து நீங்கின. எஞ்சிய கொலாஜன் வளையுந்தன்மையைத் தந்தது.

(ஆ) வேறொரு என்பை ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் நன்கு எரித்து, ஆறிய பின் மெதுவாக அழுத்துக.
அவதானம்: என்பு நொறுங்கும்.
முடிவு: கொலாஜன் எரிந்துவிட்டது. எஞ்சிய கனியுப்பு வன்மையானது, ஆனால் நொறுங்கக்கூடியது.

கவனிக்க: அவதானத்தையும் முடிவையும் தனித்தனியாக எழுத வேண்டும். கண்ணால் கண்டது அவதானம். அதற்கான விளக்கம் முடிவு.

3. கசியிழையம், இணையம், சிரை

உங்கள் காதுமடலை மடித்து விடுங்கள். அது பழைய நிலைக்கு மீள்கின்றது. அங்கிருப்பது கசியிழையம். மூக்கு நுனி, முள்ளென்புகளுக்கிடையேயான தட்டுகள், மூட்டுகளில் என்புகளின் முனைகள் ஆகியவற்றிலும் கசியிழையம் உண்டு. கசியிழையத்தினுள் குருதிக்கலன்கள் இல்லை. எனவே போசணைப் பொருட்கள் பரவல் மூலம் மெதுவாகவே அதன் குழியங்களை அடைகின்றன. சேதமடைந்த கசியிழையம் எளிதில் குணமடையாமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

இப்போது உங்கள் குதிக்காலின் மேற்பகுதியைப் பின்புறமாகத் தொட்டுப் பாருங்கள். தடித்த கயிறு போன்ற ஒன்று கைக்குத் தட்டுப்படும். அது கெண்டைக்கால் தசையைக் குதியென்புடன் இணைக்கும் சிரையாகும். உடலிலுள்ள மிகத் தடித்த சிரை இதுவே.

என்பு – இணையம் – என்பு
தசை – சிரை – என்பு

இவ்விரு வரிகளையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இன்னுமொரு எச்சரிக்கை: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'சிரை' என்பது குருதிக்கலனைக் குறிக்கும். நமது பாடநூல்களில் அக்குருதிக்கலன் 'நாளம்' எனப்படும். வெளி நூல்களைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.

4. வன்கூட்டின் பிரிவுகள்

அச்சு வன்கூடு (80 என்புகள்)
மண்டையோடு 22, செவிச்சிற்றென்புகள் 6, நாவடியென்பு 1, முள்ளந்தண்டு 26, விலா என்புகள் 24, மார்பென்பு 1.

தூக்க வன்கூடு (126 என்புகள்)
தோள் வளையம் 4, கைகள் 60, இடுப்பு வளையம் 2, கால்கள் 60.

முள்ளந்தண்டில் குழந்தைப் பருவத்தில் 33 முள்ளென்புகள் உள்ளன: கழுத்து 7, நெஞ்சறை 12, நாரி 5, திரு 5, குயிலலகு 4. வளர்ந்தவரில் திருமுள்ளென்புகள் 5 உம் ஒன்றிணைந்து ஒரே திருவென்பாகவும், கடைசி 4 உம் ஒன்றிணைந்து ஒரே குயிலலகாகவும் மாறுவதால் எண்ணிக்கை 26 ஆகின்றது. வினாவில் 33 வந்தாலும் 26 வந்தாலும் காரணம் இதுவே.

5. மூட்டுகள்

* அசையா மூட்டு – மண்டையோட்டு என்புகளுக்கிடையே
* பிணையல் மூட்டு – முழங்கை. கதவுப் பிணைச்சல் போல ஒரு தளத்தில் மட்டும் அசையும்
* பந்துக்கிண்ண மூட்டு – தோள், இடுப்பு. பல திசைகளிலும் அசையும்
* சுழல் மூட்டு – முதலாம், இரண்டாம் கழுத்து முள்ளென்புகளுக்கிடையே. 'இல்லை' என்று தலையாட்டும்போது தொழிற்படுவது இதுவே

6. என்பு உயிருள்ளது

என்பில் குருதிக்கலன்களும் நரம்புகளும் உயிருள்ள குழியங்களும் உள்ளன. செவ்வென்பு மச்சையில் குருதிக் குழியங்கள் உருவாகின்றன. பழைய என்பு அகற்றப்படுவதும் புதிய என்பு படிவதும் வாழ்நாள் முழுவதும் நிகழ்கின்றன. முறிந்த என்பு மீண்டும் பொருந்துவதும் இதனாலேயே.

இந்தப் பாடம் உங்கள் உடலிலேயே இப்போது நடந்துகொண்டிருக்கின்றது. நீண்ட என்புகளின் முனைகளுக்கு அருகேயுள்ள கசியிழையத் தட்டுகள் வளர்ந்து என்பாக மாறுவதாலேயே நீங்கள் உயர்கின்றீர்கள். இத்தட்டுகள் முற்றாக என்பாகியதும் உயரம் கூடுவது நின்றுவிடும். முதுமையில் செலவாகப்போகும் என்பின் பெரும்பகுதியும் இவ்வயதிலேயே சேமிக்கப்படுகின்றது. முள்ளுடன் உண்ணும் நெத்தலி, பால், எள் என்பன கல்சியத்தைத் தரும். சூரிய ஒளியில் தோலில் உருவாகும் விற்றமின் டி கல்சியம் அகத்துறிஞ்சப்பட உதவும். கொலாஜன் உருவாக விற்றமின் சி தேவை. ஓடி விளையாடுவதும் என்பை உறுதியாக்கும். பரீட்சைக்காக விளையாட்டை முற்றாக நிறுத்திவிட வேண்டாம்.

விளையாட்டின்போது ஒருவருக்கு என்பு முறிந்ததாகச் சந்தேகித்தால் அவ்விடத்தைத் தடவவோ இழுத்து நேராக்கவோ கூடாது. முறிந்த முனை குருதிக்கலனையோ நரம்பையோ வெட்டக்கூடும். அங்கத்தை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி வைத்தியசாலைக்கு அனுப்புக. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அவரை அசைக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

7. மாதிரி வினாக்களும் விடைகளும்

(1) இணையம், சிரை என்பவற்றுக்கிடையேயான வேறுபாடு ஒன்று தருக.
விடை: இணையம் என்பை என்புடன் இணைக்கும். சிரை தசையை என்புடன் இணைக்கும். (இரண்டையும் எழுதினாலே வேறுபாடு ஆகும். ஒன்றை மட்டும் எழுதுவது போதாது.)

(2) சிறுவர்களின் என்பு சில வேளைகளில் முற்றாக முறியாமல் பச்சைத் தடி போல வளைந்து ஒரு பக்கம் மட்டும் பிளக்கின்றது. ஏன்?
விடை: சிறுவர்களின் என்பில் வளர்ந்தவரின் என்பிலும் பார்க்கக் கனியுப்பின் விகிதம் குறைவு. எனவே அது வளையுந்தன்மை கூடியது.

(3) முதியவர்களின் என்பு எளிதில் முறிவதற்குக் காரணம் யாது?
விடை: என்பு படியும் வீதத்திலும் அகற்றப்படும் வீதம் கூடுவதால் என்பின் அடர்த்தி குறைகின்றது. கொலாஜனின் தரமும் குறைவதால் நொறுங்கும் தன்மை கூடுகின்றது.

மூன்றாவது வினா நாம் ஆரம்பத்தில் கேட்டதே. இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, அவ்விடையை உங்கள் சொந்த வசனத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.