சாரல் காலத்தில் கைபேசி: வாங்குமுன், காப்பீடு எடுக்குமுன்



வளைகுடாவில் இருக்கும் மகன் முகம் காட்டிப் பேசுவது, வங்கியின் ஓடிபி வருவது, பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பிப்பது எல்லாம் இன்று வீட்டிலுள்ள ஒரே கைபேசியில்தான். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அந்தக் கைபேசிக்கு முதல் எதிரி தண்ணீர்தான். அதனால் நம் ஊரில் கைபேசி வாங்குவோர் கேமராவைப் பற்றி விசாரிப்பதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும்.

கடைக்காரர் "வாட்டர் ப்ரூஃப்" என்பார். பெட்டியில் ஐபி67 அல்லது ஐபி68 என்று இருக்கும். இதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை, ஆழத்தை நிறுவனமே சொல்லும். ஆனால் இரண்டும் ஆய்வுக்கூடத்தில், புதிய கைபேசியை, அசையாத நல்ல தண்ணீரில் வைத்துப் பார்ப்பது. ஐந்தருவியில் மேலிருந்து அறைந்து விழும் தண்ணீர் அப்படிப்பட்டதா? எண்ணெயும் ஷாம்பும் கலந்த தண்ணீர் அந்தச் சோதனையில் இல்லவே இல்லை. உள்ளேயுள்ள ரப்பர் அடைப்பும் நாளாக ஆகத் தளரும். ஒருமுறை திறந்து பழுதுபார்த்துவிட்டால் அதை நம்பவே கூடாது.

பெரிய நிறுவனங்களே இந்த விஷயத்தில் அபராதம் கட்டியிருக்கின்றன. தண்ணீர் தாங்கும் என்று தவறான எண்ணம் தரும்படி விளம்பரம் செய்ததற்காக 2020 நவம்பரில் ஆப்பிளுக்கு இத்தாலியில் 1 கோடி யூரோ விதித்தார்கள். கேலக்ஸி கைபேசிகளைக் கடலிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் காட்டியதற்காக 2022 ஜூனில் சாம்சங் ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் விதித்தது. இங்கே நாம் வாங்கும் கைபேசியின் வாரண்டி அட்டையைப் பாருங்கள். தண்ணீர் புகுந்தால் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான்.

"அதற்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். பில்லோடு சேர்த்து ஒரு தொகையைப் போட்டுவிடுவதும் உண்டு. பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைத் தருவது காப்பீட்டு நிறுவனமா, அல்லது கடையோ செயலியோ நடத்தும் "ப்ரொடெக்‌ஷன் ப்ளானா"? காப்பீடு என்றால் பாலிசி எண்ணும் நிறுவனத்தின் ஐஆர்டிஏஐ பதிவு எண்ணும் இருக்கும். தகராறு வந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லை என்றால் 155255 எண்ணுக்கோ காப்பீட்டு ஒம்பட்ஸ்மனுக்கோ போகலாம். வெறும் பராமரிப்புத் திட்டம் என்றால் அந்த வழி கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915தான்.

அடுத்து, எது சேராது என்ற பகுதியைப் படியுங்கள். பஸ்ஸில் மறந்து வைத்ததும் கூட்டத்தில் எப்படியோ காணாமல் போனதும் பொதுவாகச் சேராது. திருட்டு என்றால் எஃப்ஐஆர் கேட்பார்கள். பழைய கைபேசிக்குத் தேய்மானம் கழிப்பார்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாம் கொடுக்க வேண்டிய பங்கும் இருக்கும். ஓர் உதாரணம்: 12,000 ரூபாய் கைபேசிக்கு ஆண்டுக்கு 1,200 கட்டி, பழுதானபோது இன்னும் 1,000 கட்டினால், 3,000 ரூபாய் திரைக்கு மிஞ்சுவது 800 மட்டுமே. விலை குறைந்த கைபேசிக்கு அந்த 1,200ஐ வீட்டிலேயே தனியாக எடுத்து வைப்பதே மேல் என்பது என் கருத்து.

மார்க்க ரீதியாகக் கேட்போருக்கு: ஜித்தாவில் 1985இல் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு கூடாது என்றும் கூட்டுறவு முறைக் காப்பீடு கூடும் என்றும் முடிவு சொன்னது. உங்கள் நிலைமையை ஆலிமிடம் சொல்லித் தீர்ப்புக் கேளுங்கள். "வட்டியில்லாத் தவணை" என்பதிலும் கவனம் தேவை. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று இல்லை, பல நேரம் வட்டி பிராசஸிங் கட்டணமாக மறைந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கத்துக்கு என்ன விலை, தவணைக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

நனைந்துவிட்டால் உடனே அணைத்து, சிம் தட்டை வெளியே எடுத்து, துணியால் ஒற்றி, காற்றோட்டத்தில் வையுங்கள். ஈரம் இருக்கும்வரை சார்ஜ் போடக்கூடாது. அரிசிப் பானையில் புதைப்பதும் வேண்டாம், துகள்கள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று ஆப்பிளே சொல்கிறது. அருவியில் தண்ணீர் திடீரென ஏறினால் கரையில் விட்ட கைபேசிக்காகத் திரும்பிப் போகாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டோம்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதி, பில்லோடு சேர்த்து வீட்டுப் பீரோவில் வையுங்கள். தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தக் கைபேசியை முடக்கலாம். 2023 மே முதல் நாடு முழுவதும் இந்த வசதி இருக்கிறது. கைபேசி திரும்பக் கிடைத்தால் அங்கேயே முடக்கத்தை நீக்கவும் முடியும். பழைய கைபேசி வாங்குவோர், ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று எழுதி, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்று பதில் வந்தால் அதை வாங்காதீர்கள்.